இழந்த கையின் வலி: வி. எஸ். இராமச்சந்திரனின் நரம்பியல் ஆய்வுகளும் தமிழ்க் கல்வியாளரும்

முன்னுரை

தமிழாசிரியர்களுக்கான பட்டறைகளில் மூளையைப் பற்றிய பேச்சு இன்று பெருகியுள்ளது. அப்பேச்சினூடே வி. எஸ். இராமச்சந்திரன் என்னும் பெயர் எழும்போது அவையில் ஒருவகைப் பெருமிதம் பரவுவதை நாம் கண்டிருக்கின்றோம். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, உலகறிந்த நரம்பியலாளராக உயர்ந்தவர் என்னும் செய்தியோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அவர் எவற்றைக் கண்டறிந்தார், எம்முறையால் கண்டறிந்தார், அவருடைய கருத்துகளுள் எவை நிலைபெற்றன, எவை மறுக்கப்பட்டன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்கள் நமக்குத் தொலைவானவை அல்ல. இந்நாட்டில் மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். அப்பள்ளிகளுள் பல இரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. அத்தோட்டங்களிற் பெரும்பாலானவை இன்று செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டுவிட்டன. ஈப்போவின் புறநகர்களிலும் சுங்கை சிப்புட், பீடோர், சுங்காய், தெலுக் இந்தான் வட்டாரங்களிலும் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறை இப்போது முதுமையில் உள்ளது. நீரிழிவால் காலை இழந்தோரும் பக்கவாதத்தால் கை செயலற்றோரும் அக்குடும்பங்களில் உள்ளனர். தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் ஆட்டிசம் உடைய மாணவரும் அமர்ந்திருக்கின்றனர். இராமச்சந்திரனின் ஆய்வுகள் இம்மூன்று நிலைகளையும் நேரடியாகத் தொடுகின்றன. எனவே அவரை எவ்வாறு படிக்கிறோம் என்பது சிலருடைய அன்றாட வாழ்வைப் பாதிக்கக் கூடியது. அவரது ஆய்வு வாழ்க்கையைச் சுருக்கமாக விளக்கி, அதன் பயனையும் வரம்பையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வு வாழ்க்கையின் தொடக்கம்

இராமச்சந்திரன் 1951ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிறந்தவர். இந்திய அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இவருடைய தாய்வழிப் பாட்டனார். தந்தையாரின் பணி காரணமாகப் பேங்காக்கிலும் சென்னையிலும் பள்ளிக் கல்வி பெற்ற இவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் 1978ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் சான் டியேகோ வளாகத்தில் உளவியல் துறையில் சேர்ந்து, அங்கேயே தம் ஆய்வுப் பணியைத் தொடர்ந்தார். 2003ஆம் ஆண்டு பிபிசி வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 2007ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மபூசண் விருதைப் பெற்றார்.

அவருடைய முதற்கட்ட ஆய்வுகள் கண்பார்வையைப் பற்றியவை. 1988ஆம் ஆண்டு வெளியான நிழலும் வடிவமும் பற்றிய ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். மேற்பாதி வெளிறியும் கீழ்ப்பாதி கறுத்தும் இருக்கும் ஒரு வட்டத்தை வரைந்தால் அது புடைத்த முட்டையைப் போலத் தோன்றும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டம் குழியாகத் தோன்றும். ஒளி மேலிருந்து வருகின்றது, அதுவும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றது என மூளை நம் அனுமதியின்றியே முடிவு செய்துகொள்வதை இது காட்டுகின்றது. இதனை மெய்ப்பிக்கத் தாளும் கரிக்கோலும் போதும். எளிய கருவியால் ஆழமான வினாவை எழுப்புவது அவருடைய ஆய்வு முறையின் அடையாளமாக அப்போதே அமைந்துவிட்டது எனலாம்.

இழந்த உறுப்பும் ஆடிப் பெட்டியும்

கையோ காலோ துண்டிக்கப்பட்டவர்களுள் மிகப் பலர், அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்கின்றனர். சிலருக்கு அதில் கடும் வலியும் இருக்கின்றது. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாசு பாரே இதனைப் பதிவு செய்துள்ளார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றோரைக் கண்ட மருத்துவர் வெயர் மிட்செல் 1871ஆம் ஆண்டு இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார். ஆயினும் நெடுங்காலம் இது வெட்டுப்பட்ட நரம்பு முனைகளின் கோளாறாகவோ நோயாளியின் மன ஏக்கமாகவோ மட்டும் கருதப்பட்டு வந்தது.

இராமச்சந்திரனின் பங்களிப்பை விளங்கிக்கொள்ள, மூளையின் உடல் வரைபடத்தை முதலில் அறிய வேண்டும். உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரும் தொடுவுணர்வு மூளைப் புறணியில் தனித்தனி இடங்களைச் சென்றடைகின்றது. கனடிய நரம்பறுவை மருத்துவர் பென்ஃபீல்டு 1937ஆம் ஆண்டு வெளியிட்ட இவ்வரைபடத்தில் முகத்திற்குரிய பகுதியும் கைக்குரிய பகுதியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1991ஆம் ஆண்டு பான்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் குரங்குகளிடம் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். கையிலிருந்து உணர்வு வருவது நெடுங்காலம் நின்றுபோன குரங்குகளில், கைக்குரிய மூளைப்பகுதி முகத்தைத் தொட்டபோது தூண்டப்பட்டது.

மனிதரிடத்தும் இவ்வாறு நிகழுமாயின் அதனை நோயாளியே சொல்லக் கூடுமல்லவா? இராமச்சந்திரன் எழுப்பிய வினா இதுவே. கையிழந்த இளைஞர் ஒருவரின் கண்களைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவரது உடலின் பல இடங்களைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டபோது, கன்னத்தோடு இல்லாத கையின் விரல்களும் தொடப்படுவதாக அவ்விளைஞர் கூறினார். 1992ஆம் ஆண்டு இம்முடிவுகள் வெளிவந்தன. முதிர்ந்தோரின் மூளை மாறாத ஒன்று என்னும் பழைய கருத்தை அசைத்த ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

அடுத்து வந்தது ஆடிப் பெட்டி. சிலருக்கு இழந்த கை இறுக மூடிய நிலையில் விறைத்துக் கிடப்பதாகத் தோன்றும். நகங்கள் உள்ளங்கையில் பதிவது போன்ற வலியும் இருக்கும். அசையுமாறு மூளை ஆணையிடுகின்றது. அசைந்தது என்னும் செய்தியோ திரும்பி வருவதில்லை. நாளடைவில் மூளை அம்முடக்கத்தையே கற்றுக்கொள்கின்றது என இராமச்சந்திரன் கருதினார். ஒரு பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் ஆடியைச் செங்குத்தாக நிறுத்தி, நலமுள்ள கையை அதன் முன் வைத்து அசைக்கச் செய்தார். ஆடியில் தெரியும் பிம்பம் இழந்த கையின் இடத்தில் அமைந்தது. சிலர் தம் இழந்த கை விரிவதாகவும் வலி தணிவதாகவும் உணர்ந்தனர். 1995, 1996ஆம் ஆண்டுகளில் இவ்வாய்வுகள் வெளியிடப்பட்டன.

இதன் மருத்துவப் பயன் பின்னர்ச் சோதிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வெளியான சிறு சோதனையில் காலிழந்தோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஆடியைப் பார்த்துப் பயின்றனர். மற்றொரு குழுவினர் மூடிய ஆடியின் முன் பயின்றனர். பிறிதொரு குழுவினர் மனத்தளவில் கற்பனை செய்து பயின்றனர். நான்கு வாரங்களின் முடிவில் ஆடியைப் பார்த்துப் பயின்ற ஆறு பேருக்கும் வலி குறைந்தது. பக்கவாதத்தில் இதன் பயன் இதனினும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. 1999ஆம் ஆண்டு இராமச்சந்திரன் குழுவினர் ஒன்பது நோயாளிகளிடம் செய்த முதற்சோதனையைத் தொடர்ந்து பல ஆய்வுகள் நிகழ்ந்தன. 2018ஆம் ஆண்டின் கோக்ரேன் மதிப்பாய்வு, 1982 பேர் பங்கேற்ற 62 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வழக்கமான பயிற்சியோடு ஆடிப் பயிற்சியும் சேரும்போது கைகால் இயக்கம் ஓரளவு மேம்படுவதாக முடிவு கூறியது. இழந்த உறுப்பின் வலியைப் பொறுத்தமட்டில் சான்றுகள் இன்னும் அத்துணை உறுதி பெறவில்லை. சோதனைகள் பெரும்பாலும் சிறியவை.

கோட்பாட்டளவிலும் மறுப்புகள் எழுந்துள்ளன. கையிழந்தோரின் மூளையில் கைக்குரிய பகுதி அழியாமல் நிலைத்திருப்பதை 2013ஆம் ஆண்டு தமார் மேக்கின் குழுவினர் எடுத்துக்காட்டினர். 2025ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, மூவரின் மூளையைக் கை துண்டிக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் படம்பிடித்து, ஆண்டுகள் கழிந்தும் அவ்வரைபடம் பெரிதும் மாறாதிருப்பதைக் கண்டது. முகத்தின் பகுதி கையின் பகுதியைக் கைப்பற்றிக்கொள்கின்றது என்னும் விளக்கம் இதனால் வலுவிழந்துள்ளது. கன்னத்தைத் தொட்டபோது அவ்விளைஞர் உணர்ந்தது பொய்யன்று. அதற்கான காரணமே மீண்டும் விவாதத்திற்கு வந்துள்ளது.

பெயரிடுதலும் பொறுப்பும்

இவ்விடத்தில் தமிழ்க் கல்வியாளருக்கென்று தனிப் பணி ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் முதிர்ந்தோரிடையே நீரிழிவின் அளவு 18.3 விழுக்காடு. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிக அதிகம். நீரிழிவு கால் துண்டிப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஆகவே இழந்த காலின் வலி நம் மக்களிடையே பேசப்பட வேண்டிய பொருளாகும்.

தோட்டத்தில் வளர்ந்த முதியவர் ஒருவர், எடுத்துவிட்ட காலின் பெருவிரல் அரிக்கின்றது என்று சொன்னால், கேட்போர் அதனை எவ்வாறு எடுத்துக்கொள்வர்? வயதின் தடுமாற்றம் என்பார் ஒருவர். காற்றுக் கருப்பு என்பார் மற்றொருவர். அதனால் அவர் சொல்வதையே நிறுத்திவிடக் கூடும். ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்கையில் மருத்துவரிடம் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இதனை விளக்க வேண்டியிருக்கும். உடன் செல்லும் பேரனோ பேத்தியோ மொழிபெயர்க்க நேர்கின்றது. அவ்விளையோர் நம் பள்ளிகளில் பயின்றவர்கள். அவர்களிடம் இதற்குரிய சொல் இருக்க வேண்டும்.

எச்சொல் பொருந்தும்? ஆங்கிலப் பெயரை நேராகப் பெயர்த்துப் 'பேயுறுப்பு' எனின் மேற்கூறிய அச்சத்திற்கே அது துணைபோகும். 'மாய உறுப்பு' என்பது பரவலாக வழங்குகின்றது. எனினும் மாயை என்றாலே இல்லாதது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், வலியும் இல்லாதது எனப் பொருள்கொள்ள இடமுண்டு. 'பொய்யுறுப்பு' என்பதோ பொருத்திக்கொள்ளும் செயற்கைக் காலோடு மயங்கும். பொய்க்கால் என்னும் சொல் அப்பொருளில் முன்னரே வழக்கிலுள்ளது. 'இழந்த உறுப்பின் உணர்வு', 'இழந்த உறுப்பின் வலி' என்னும் தொடர்கள் சற்று நீளமானவை. ஆயினும் உறுப்பு இல்லை என்பதையும் உணர்வு உண்டு என்பதையும் ஒருங்கே ஏற்பவை. இவற்றையே நாம் பரிந்துரைக்கின்றோம். அவ்வாறே கண்ணாடி என்னும் சொல் மூக்குக் கண்ணாடியையும் சன்னல் கண்ணாடியையும் குறிப்பதால், 'கண்ணாடிப் பெட்டி' எனாது 'ஆடிப் பெட்டி' எனல் தெளிவு தரும். இப்பயிற்சியை மருத்துவரின் அல்லது மீட்புப் பயிற்றுநரின் வழிகாட்டலில் செய்ய வேண்டும் என்பதையும் உடன் சொல்லிவைத்தல் நன்று.

ஒலியும் வடிவமும்

மொழியாசிரியர்களை மிகவும் ஈர்ப்பது அவருடைய ஒலி, வடிவ ஆய்வாகும். கூரிய முனைகளை உடைய ஓர் உருவத்தையும் வளைந்த விளிம்புகளை உடைய மற்றோர் உருவத்தையும் காட்டி, இவற்றுள் 'கிகி' எது, 'பூபா' எது என வினவினால் பெரும்பாலோர் கூரியதைக் 'கிகி' என்பர். உளவியலாளர் கோலர் 1929ஆம் ஆண்டு வேறு சொற்களைக் கொண்டு இதனைக் கண்டிருந்தார். 2001ஆம் ஆண்டு இராமச்சந்திரனும் ஹப்பர்டும் புலன்கலப்பைப் பற்றிய தம் கட்டுரையில் இதனைப் புதுப்பித்தனர். எழுத்தைக் கண்டவுடன் நிறம் தோன்றும் புலன்கலப்பு, உருவகம், மொழியின் தோற்றம் ஆகிய மூன்றையும் மூளைப் பகுதிகளின் இணைப்பால் விளக்க அவர்கள் முயன்றனர். 2022ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வு 25 மொழிகள் பேசுவோரிடம் இதனைச் சோதித்தது. சராசரியாக நூற்றுக்கு 72 விழுக்காடு விடைகள் எதிர்பார்த்தவாறு அமைந்தன. எனினும் சில மொழிகளில் இப்போக்குத் தெளிவாகப் புலப்படவில்லை.

இதனைக் கேட்டவுடன், வல்லினம் மெல்லினம் எனப் பகுத்த தமிழிலக்கணம் இவ்வுண்மையை முன்பே கூறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அவ்வாறு கூறுவதற்கு முன் சற்று நிதானித்தல் வேண்டும். தமிழில் எழுதும்போது 'கிகி'யின் ககரமும் 'பூபா'வின் பகரமும் வல்லினமே. எனவே இச்சோதனையின் பாகுபாடும் நம் இலக்கணத்தின் மெய்யெழுத்துப் பாகுபாடும் ஒன்றல்ல. உயிரெழுத்தை நோக்கினாலோ நிலைமை வேறு. உகரம், ஊகாரம், ஒகரம், ஓகாரம் முதலியவை இதழ் குவிதலால் பிறப்பன எனத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கின்றது. 'பூபா'வின் முதலெழுத்தை ஒலிக்கையில் இதழ் குவிகின்றது; 'கிகி'யில் குவிவதில்லை. ஒப்புமை இருக்குமாயின் அது இங்கேதான் தேடத்தக்கது. 'கிகி, பூபா' என்பதற்கு மாறாக 'மிமி, கூகூ' எனச் சொற்களை அமைத்துச் சோதித்தால், உருவத்தோடு இணைவது உயிரொலியா மெய்யொலியா என்பதை ஓரளவு பிரித்தறியலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொள்ளத்தக்க அளவிலான தலைப்பு இது. வேண்டுவன தாளும் பெற்றோர் இசைவும் பொறுமையும் மட்டுமே.

கலைத் துறையிலும் அவருடைய தாக்கம் உண்டு. 1999ஆம் ஆண்டு ஹிர்ஸ்டீனுடன் இணைந்து எழுதிய கட்டுரையில் கலைநுகர்வுக்கு எட்டு விதிகளை முன்மொழிந்தார். சோழர் காலப் பார்வதி செப்புத்திருமேனியில் இடையும் இடுப்பும் இயல்பினும் மிகைப்படுத்தப்பட்டிருப்பதைச் சான்றாக்கி, மிகைப்படுத்திய வடிவம் மூளையை மிகுதியாகத் தூண்டுகின்றது என விளக்கினார். வழிபாட்டு மரபையும் சிற்ப நூல் வரையறைகளையும் விடுத்து ஒரு திருமேனியை முழுமையாக விளக்க இயலுமா என்பது இந்தியவியல் துறையினர் கேட்க வேண்டிய வினா. அவ்விளக்கம் எல்லாக் கண்களுக்கும் பொதுவானதைப் பேசுகின்றது. சோழ நாட்டுச் சிற்பி ஏன் அவ்வாறு வார்த்தான் என்பதற்கு நம் துறையே விடை காண வேண்டும்.

மறுக்கப்பட்ட கருதுகோள்

1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள், ஒரு குரங்கு தானே ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் அதனைச் செய்யக் காணும்போதும் இயங்கும் நரம்பணுக்களைக் கண்டறிந்தனர். இவை ஆடி நரம்பணுக்கள் எனப்படுகின்றன. உயிரியலுக்கு டி.என்.ஏ. அமைந்ததுபோல் உளவியலுக்கு இவை அமையும் என 2000ஆம் ஆண்டு இராமச்சந்திரன் எழுதினார். ஆட்டிசத்திற்கு இந்நரம்பணுக்களின் குறைபாடே காரணமாகலாம் என்னும் கருதுகோளை 2005, 2006ஆம் ஆண்டுகளில் அவரும் அவருடன் பணியாற்றியோரும் முன்வைத்தனர்.

பின்னர் வந்த ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை. முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அளவீட்டு முறையே ஐயத்திற்குள்ளாயிற்று. 2014ஆம் ஆண்டு கிரெகரி ஹிக்காக் ஆடி நரம்பணுக் கோட்பாட்டின் மிகைக்கூற்றுகளை மறுத்து ஒரு நூலே எழுதினார். ஆயினும் பழைய கருதுகோள் பட்டறைகளில் இன்றும் உண்மையெனப் பேசப்படுவதுண்டு. இதன் விளைவு எளிதன்று. பிறர் உணர்வை உணரும் உறுப்பே இப்பிள்ளையிடம் பழுதாகியுள்ளது என்று ஒரு தாயிடம் ஆசிரியர் கூறினால், நிறுவப்படாத ஒன்றை அப்பிள்ளையின் மீது முத்திரையாகப் பதித்தவராகின்றார். தமிழர் ஒருவர் சொன்னார் என்னும் பெருமை அம்முத்திரைக்குக் கூடுதல் வலுவையும் தந்துவிடுகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், இராமச்சந்திரனின் பங்களிப்பை மூன்று நிலைகளாகப் பகுக்கலாம். பக்கவாதத்தில் ஆடிப் பயிற்சி தரும் துணை, சான்றுகள் தாங்கும் நிலையில் உள்ளது. இழந்த உறுப்பின் உணர்வு உண்மையானது என்பது உறுதி. அதற்கான மூளைசார் விளக்கமும் வலியைத் தணிக்கும் முறையும் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன. ஆட்டிசம் பற்றிய ஆடி நரம்பணுக் கருதுகோள் நிறுவப்படவில்லை. அவரைப் பற்றி வகுப்பறையிலோ மேடையிலோ பேசுவோர் இம்மூன்றையும் ஒன்றாகக் கலவாமல் பேசுதல் வேண்டும்.

இம்மூன்றுக்கும் அடிப்படையாய் அமைந்த பண்பு ஒன்றுண்டு. பிறர் பிதற்றல் எனத் தள்ளிய நோயாளியின் கூற்றை அவர் தரவாக ஏற்றார். அதனை எளிய கருவியால் சோதித்தார். பிறர் சோதித்து மறுக்கத்தக்க வடிவில் வெளியிட்டார். இப்பண்பு நரம்பியலாளருக்கு மட்டும் உரியதன்று. பேராக்கின் பழைய தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் உடலனுபவங்கள், வலியைப் பற்றி அவர்கள் வழங்கும் சொற்கள், நோய்க்கு அவர்கள் இட்ட பெயர்கள் ஆகியவை பெரும்பாலும் தொகுக்கப்படாமலே உள்ளன. அத்தலைமுறையினர் நம்மிடையே இருக்கும்போதே அச்சொற்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியைத் தமிழ்த் துறைகளும் பள்ளிகளும் இணைந்து தொடங்குமாயின், மருத்துவருக்கும் மொழி ஆய்வாளருக்கும் ஒருங்கே பயன்படும் தொகுப்பொன்று உருவாகும்.